பெயர்களை விட்டுவிடாதே, மகளே

பாளையங்கோட்டை,
திருவருகைக் காலம், முதல் வாரம்.

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன்.  

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு செய்திகள் எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் ஆராதனையில் மத்தேயு முதல் அதிகாரத்தை வாசிக்க உன்னை நியமித்திருக்கிறார்கள். பாடகர் குழுவில் சிலர், "பெயர்ப் பட்டியல் யாருக்கு வேண்டும்? பதினெட்டாம் வசனத்திலிருந்து வாசித்துவிடு, நேரம் மிச்சமாகும்" என்று சொல்கிறார்கள். அது ஒன்று. குழந்தையைத் தத்தெடுக்க நீங்கள் கொடுத்த விண்ணப்பம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதைக் கேட்ட ஒரு பெரியவர், "எல்லாம் நல்லதுதான், ஆனால் நம் வம்சத்து ரத்தம் இல்லையே" என்று சொல்லிவிட்டார். அது மற்றொன்று. இரண்டையும் வெவ்வேறு காரியங்களாக நீ எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகிறது. போனில் பேசித் தீர்க்கிற விஷயமாக இது தோன்றவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வசனத்திலிருந்து வாசி. ஒரு பெயரையும் விடாதே. ஏன் என்று சொல்ல எனக்குச் சில பக்கங்கள் வேண்டும்.

நாம் வேதத்தை ஆண்டு முழுவதும் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினால், ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்திலேயே பெயர்கள் வந்து நிற்கின்றன. பத்தாம், பதினோராம் அதிகாரங்களில் மறுபடியும். கதை எங்கே என்று தேடி நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த நூலை எழுதியவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்தான் நூலின் தூண்கள். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு கதைகள் எல்லாம் வம்சவரலாறு என்கிற தலைப்புகளின் கீழேதான் வருகின்றன. இன்னும் ஒன்று பார், இரண்டாம் அதிகாரத்தில் அந்தத் தலைப்பு முதன்முதலில் வரும்போது அது எந்த மனிதனுக்கும் வைக்கப்படவில்லை. வானத்துக்கும் பூமிக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. மண்ணும் வானமும் தொடங்கிய இடத்திலிருந்தே நம் கதையும் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டுத்தான் மனிதர் பெயர்கள் வருகின்றன.

அந்தக் காலத்தில் மற்ற தேசங்களிலும் பட்டியல்கள் இருந்தன. சுமேரியர்கள் களிமண்ணில் எழுதி வைத்த அரசர் பட்டியலின் ஒரு பிரதி இன்று ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பெருவெள்ளத்துக்கு முன் ஆண்ட முதல் அரசன் அலுலிம், 28,800 ஆண்டுகள் ஆண்டான் என்று எழுதியிருக்கிறது. ஆதியாகமத்திலும் நீண்ட ஆயுள்கள் வருகின்றன. மெத்தூசலாவுக்கு 969 வயது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுமேரியர் எழுதி வைத்தது ஆட்சி செய்தவர்களின் பெயர்களை. ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் அரசர் ஒருவரும் இல்லை. பிள்ளை பெற்றவர்கள், வாழ்ந்தவர்கள், மரித்தவர்கள், அவ்வளவே. ஒவ்வொருவர் முடிவிலும் அவர் மரித்தார் என்ற செய்தி வருகிறது, ஏனோக்கு ஒருவரைத் தவிர. ஒருவர் போகிறார், அவர் பெற்ற பிள்ளை நிற்கிறது. அந்தப் பிள்ளையும் போகிறது, அடுத்தது நிற்கிறது.

விலக்கப்பட்டவர்கள் என்று நாம் நினைக்கிறவர்களையும் அந்த நூல் விடவில்லை. தம்பியைக் கொன்ற காயீனுடைய சந்ததிக்கும் பட்டியல் உண்டு. மந்தை மேய்ப்பவர்களுக்கும், சுரமண்டலமும் நாகசுரமும் வாசிப்பவர்களுக்கும், வெண்கல இரும்பு வேலை செய்கிறவர்களுக்கும் முன்னோர் அந்தக் குடும்பத்தில்தான் பிறந்தார்கள் என்று நான்காம் அதிகாரம் சொல்கிறது. வெளியே அனுப்பப்பட்ட இஸ்மவேலின் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களும் ஒன்று குறையாமல் இருக்கின்றன. ஏசாவுக்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. வாக்குத்தத்தம் ஒரு வழியில் போனது உண்மை. ஆனால் மற்ற வழியில் போனவர்களுடைய பெயரை அழித்துவிடவில்லை. மனிதர் எழுதும் குடும்ப வரலாற்றில் இப்படி நடப்பது அபூர்வம். நம்மை விட்டுப் பிரிந்து போன கிளையை நாம் எழுதுவதில்லை.

நாளாகமத்துக்கு வருகிறேன். முதல் புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெயர்களே. முதல் சொல்லே ஆதாம். வேத வாசிப்பில் அதிகம் பேர் நின்றுபோகிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியது எந்தக் காலம் என்று பார்த்தால் அதை வாசிக்கிற மனம் மாறிவிடும். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்தது. தேவாலயம் இல்லை, அரசன் இல்லை. ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு பெர்சிய அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, கி.மு. 538-இல் திரும்பிப் போகலாம் என்று உத்தரவு கொடுத்தான். திரும்பி வந்தவர்களில் பலர் அந்த ஊரைப் பார்த்தே இராதவர்கள். இடிந்த சுவரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் யார், இந்த மண்ணில் எங்களுக்கு இன்னும் பங்கு இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஆதாமிலிருந்து பெயர் சொல்லத் தொடங்குகிறார் ஆசிரியர். நீங்கள் தொடர்பு அறுந்தவர்கள் இல்லை என்று அவர் சொல்கிற விதம் அது.

அந்தப் பட்டியலுக்குள் நிதானமாக நடந்து பார், மகளே. நான்காம் அதிகாரத்தில் மெல்லிய புடவை நெய்த வீட்டார் இருக்கிறார்கள். அரசனுடைய வேலைக்காகக் குடியிருந்த குயவர்கள் இருக்கிறார்கள். ஏழாம் அதிகாரத்தில் எப்பிராயீமின் பிள்ளைகள் காத் ஊராரால் கொல்லப்படுகிறார்கள். தகப்பன் அநேக நாள் துக்கம் கொண்டாடுகிறார். சகோதரர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். பெயர்களுக்கு நடுவில் ஒரு இழவு வீடு. அந்தத் துக்கத்துக்குப் பின் ஒரு பிள்ளை பிறக்கிறது. தொடர்ந்து போகிற பட்டியல் நூனின் மகன் யோசுவாவில் போய் நிற்கிறது. அதே இடத்தில் சேராள் என்று ஒரு பெண். கீழ்ப் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் கட்டினவள் என்று எழுதியிருக்கிறது. ஒரு பெண் ஊர்களைக் கட்டினாள் என்கிற செய்தி இப்படி ஒரு வம்ச அட்டவணையின் நடுவில் பத்திரமாக இருக்கிறது.

சேசான் என்கிறவரின் செய்தியை நீ மறக்காமல் வாசிக்க வேண்டும். இரண்டாம் அதிகாரத்தின் முடிவுப் பக்கம். யூதா கோத்திரத்தார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, பெண் பிள்ளைகள்தான். யர்கா என்கிற எகிப்திய வேலைக்காரன் ஒருவன் அவர் வீட்டில் இருந்தான். தம் மகளை அவனுக்குக் கட்டிக் கொடுத்தார். அந்த மகளுக்கு அத்தாயி பிறந்தார். அத்தாயியிலிருந்து எலிஷாமா வரை பதின்மூன்று தலைமுறைகளை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள், யூதா கோத்திரத்தின் பிள்ளைகளாகவே. எகிப்திலிருந்து வந்த வேலைக்காரனின் பிள்ளைகள் என்று அவர்களை ஓரமாக நிறுத்தவில்லை. ரத்தம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெரியவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வியை வேதம் கேட்டு, பதிலும் எழுதி, அதோடு நிற்காமல் மேலே போய்விட்டது.

ஆனால் உன்னிடம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அது நேர்மை ஆகாது. பெயர்ப் பட்டியல் கதவை அடைத்த இடமும் வேதத்தில் உண்டு. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், திரும்பி வந்த 42,360 பேரை எண்ணுகிற இடத்தில், தங்கள் பிதாக்களின் வம்சத்தைக் காட்ட முடியாத மூன்று வீட்டார் வருகிறார்கள், 652 பேர். அடுத்து ஆசாரியர்களில் மூன்று வீட்டார். அவர்களில் ஒருவன் கிலேயாத்தியனான பர்சிலாயின் பெண்களில் ஒருத்தியைக் கட்டி, அந்த வீட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டவன். அப்சலோமுக்குப் பயந்து ஓடிய தாவீதுக்கு மகனாயீமில் சோறு போட்ட எண்பது வயதுக் கிழவர் பர்சிலாய். அவ்வளவு நல்ல பெயர் அது. இருந்தும் பதிவேட்டில் தங்கள் பெயர் கிடைக்காததால் அந்த ஆசாரியர்கள் ஊழியத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் எழும்பும் வரை காத்திருக்கச் சொன்னார் ஆளுநர்.

வாசிக்கும்போது என் மனம் கனக்கும். பாபிலோனில் எந்தத் தீயில் அந்தச் சுருள் எரிந்ததோ, எந்தத் தாய் எந்த மூட்டையில் வைத்துத் தொலைத்தாளோ! ஆனாலும் அந்த இடத்திலும் ஒரு வெளிச்சம் இருக்கிறது. விலக்கப்பட்ட மூன்று வீட்டாரில் ஒன்று கோசின் வீடு. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் எருசலேமின் அலங்கத்தைக் கட்டுகிறவர்களின் பட்டியல் வருகிறது. அதில் கோசின் வீட்டுப் பெயரோடு மெரெமோத் என்பவர் நிற்கிறார். ஒரு பங்கைக் கட்டி முடித்து, இன்னொரு பங்கையும் கட்டுகிறார். பழைய பதிவேட்டில் பெயர் கிடைக்காத வீட்டின் பெயர் புதிய பட்டியலில் இரண்டு முறை ஏறியிருக்கிறது, வேலை செய்தவர் என்று.

அதே காலத்து ஜனங்களின் கையில்தான் ரூத்தின் புத்தகமும் இருந்தது. மோவாபியர் என்றைக்கும் சபைக்குள் வரக்கூடாது என்கிற கட்டளையை அவர்கள் எருசலேமில் வாசித்துக் கேட்டார்கள். நெகேமியா பதின்மூன்றாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ரூத்தின் புத்தகமோ ஒரு மோவாபியப் பெண்ணின் கதையைச் சொல்லி, பேரேஸ் தொடங்கி தாவீது வரை பத்துப் பெயர்களோடு முடிகிறது. மோவாபியப் பெண்ணின் கொள்ளுப்பேரன்தான் அரசன் தாவீது. இந்த இரண்டையும் ஒரே வேதத்துக்குள் வைத்திருப்பதைப் பார்க்கும்போது, வம்சம் என்றால் என்ன என்கிற வழக்கு வேதத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. மத்தேயு எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவர் ரூத்தின் பெயரை எழுதியதிலிருந்தே நீ கண்டுகொள்ளலாம்.

ரூத்தின் பிள்ளை ஓபேத் யாருடைய பிள்ளை? போவாஸ் ஊர்ப் பெரியவர்கள் முன்னால், ரூத்தின் செத்துப்போன கணவன் மக்லோனின் பெயர் அற்றுப்போகாதபடி அவன் பெயரை நிலைநிறுத்துவதாகச் சொல்லித்தான் ரூத்தை மணக்கிறார். அப்படியானால் பிள்ளை மக்லோனுடையது. பிறந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார்கள். ரூத்தின் மாமியாரான நகோமிதான் மடியில் வைத்து வளர்க்கிறாள். அவளுக்கும் அந்தக் குழந்தைக்கும் ரத்த உறவே இல்லை. கடைசியில் எழுதுகிற பட்டியலிலோ ஓபேத் போவாஸின் மகன். ஒரு குழந்தைக்கு மூன்று உரிமைக்காரர்கள். மூன்றும் உண்மை என்று விட்டுவிட்டார்கள். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை அழிக்கவில்லை.

யாக்கோபையும் நினைத்துப் பார். மரணப் படுக்கையில் யோசேப்பின் இரண்டு பிள்ளைகளையும் அருகில் அழைத்து, ரூபனும் சிமியோனும் எனக்கு எப்படியோ அப்படியே இவர்களும் என் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொள்கிறார். அவர்களுடைய தாய் ஆஸ்நாத்து, எகிப்தியப் பூசாரியின் மகள். கானான் தேசத்தைப் பங்கு பிரித்தபோது எப்பிராயீமுக்கும் மனாசேக்கும் தனித்தனிப் பங்கு கிடைத்ததற்கு அந்த ஒரு நாளின் சொல்லே காரணம். தாய் தகப்பன் இல்லாத எஸ்தரை மொர்தெகாய் தன் மகளாக எடுத்து வளர்த்தார். யூத ரபிமார்களின் தல்மூதில், அநாதைப் பிள்ளையைத் தன் வீட்டில் வளர்க்கிறவரைப் பெற்றவராகவே வேதம் எண்ணுகிறது என்கிற போதனை இருக்கிறது. புதிதாக நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, மகளே. பழைய பாதையில்தான் நடக்கிறீர்கள்.

இப்போது உன் பாடத்துக்கு வருகிறேன். 1715-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தபோது, அதன் முதல் அதிகாரமும் இந்தப் பெயர்ப் பட்டியல்தான். நம் ஜனங்கள் நற்செய்தியை அச்சில் வாசிக்கத் தொடங்கியது ஆபிரகாமிலிருந்தே. இன்று யூதர்கள் அச்சிடும் வேதாகமத்தில் நாளாகமம் கடைசிப் புத்தகமாக வருகிறது. ஆதாம் என்று தொடங்கும் புத்தகத்தோடு அவர்கள் வேதம் முடிகிறது. ஆபிரகாமின் மகன், தாவீதின் மகன் என்று நம்முடைய புதிய ஏற்பாடு தொடங்குகிறது.

மத்தேயு தம் பட்டியலை மூன்று பங்காகக் கட்டுகிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் சிறையிருப்பு வரை, சிறையிருப்பு முதல் கிறிஸ்து வரை. பங்குக்குப் பதினான்கு தலைமுறை. அந்தக் கணக்கு ஒழுங்காக அமைய அவர் சில பெயர்களை விட்டிருக்கிறார். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் இல்லை. எஸ்றாவும் தன் வம்சத்தைச் சொல்லும்போது சில தலைமுறைகளைத் தாண்டிப் போகிறார். அந்தக் காலத்தில் வம்ச அட்டவணை அப்படித்தான் எழுதப்பட்டது. உலகம் எந்த ஆண்டில் உண்டானது என்று இந்தப் பெயர்களை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. 1650-இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் உஷர் கி.மு. 4004 என்று எழுதினார். பக்தியோடும் மிகுந்த உழைப்போடும் செய்த வேலை அது. ஆனால் பட்டியல் எதற்காக எழுதப்பட்டதோ அது வேறு. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வாக்குத்தத்தம் எப்படிக் கைமாறி வந்தது என்று காட்டவே மத்தேயு எழுதினார்.

அரசர்களை விட்டவர் சில பெண்களை விடவில்லை. விதவையாக விடப்பட்டு, தன் உரிமையைத் தானே தேடிக்கொண்ட தாமார். எரிகோவின் ராகாப். மோவாபிய ரூத். பிறகு தாவீதிடம் வரும்போது, சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவியாக இருந்தவள் என்கிறார். கொலை செய்யப்பட்ட உரியாவின் பெயர் தாவீதின் வம்ச அட்டவணைக்குள் வந்துவிட்டது. அவனுக்கு இழைத்த அநியாயத்தை மேசியாவின் பிறப்பைச் சொல்கிற பக்கத்தில்கூட மூடி மறைக்கவில்லை. வம்சப் பெருமைக்காக எழுதுகிறவர் ஒருவரும் இப்படி எழுதமாட்டார்.

எகோனியாவின் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் நில். பதினெட்டு வயதில் அரசனாகி, மூன்றே மாதத்தில் பாபிலோனுக்குக் கைதியாகப் போனவன் அவன். அவன் என் வலக்கை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்ற தேவனுடைய வார்த்தையை எரேமியா சொன்னார். அவனைச் சந்தானமில்லாதவன் என்று எழுதுங்கள் என்றும் சொன்னார். பாபிலோனில் ஜெர்மானிய ஆய்வாளர் கோல்டவே தோண்டி எடுத்த களிமண் ஓடுகளில், யூதாவின் அரசனுக்கும் அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. 1939-இல் அது பதிப்பிக்கப்பட்டது. சந்தானமில்லாதவன் என்று எழுதச் சொல்லப்பட்டவனின் பிள்ளைகள் எதிரியின் பண்டகசாலைக் கணக்கில் இடம்பெற்றுவிட்டார்கள்! அவனுடைய பேரன் சொரொபாபேல்தான் திரும்பி வந்து ஆலயத்தைக் கட்டினான். அவனைப் பார்த்து ஆகாய் தீர்க்கதரிசி, தேவன் உன்னை முத்திரை மோதிரமாக வைப்பார் என்கிறார். கழற்றி எறிந்த அதே மோதிரம்.

இந்தச் சொரொபாபேலுக்கும் இரண்டு தகப்பன் பெயர் உண்டு. ஆகாயும் எஸ்றாவும் மத்தேயுவும் சலாத்தியேலின் மகன் என்கிறார்கள். நாளாகமம் பெதாயாவின் மகன் என்கிறது. அண்ணன் சந்தானமில்லாமல் இறந்து, தம்பியின் பிள்ளை அண்ணன் பேரில் எண்ணப்பட்டிருக்கலாம் என்று வேத அறிஞர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. எப்படியோ, ஆலயத்தைக் கட்டியவனின் பிறப்புக் கணக்கே இரண்டு வீட்டில் இருக்கிறது.

அடுத்து வருகிற அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. இவர்களைப் பற்றி வேதத்தில் வேறெங்கும் ஒரு வரியும் கிடையாது. பெர்சியர் ஆண்டார்கள், கிரேக்கர் ஆண்டார்கள், ரோமர் வந்தார்கள். தாவீதின் வீட்டுக்குச் சிங்காசனம் திரும்ப வரவே இல்லை. இவர்கள் என்ன தொழில் செய்தார்கள், எந்த ஊரில் இருந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. பெற்றுக்கொண்டதைத் தங்கள் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்களில் ஒருவர், இனி என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தால்? எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிரியமானவர்கள் இந்த ஒன்பது பேர்தான். வம்சம் என்பதன் பொருளை இவர்களிடம்தான் நான் கற்றேன். கையில் கொடுக்கப்பட்ட விசுவாசத்தை அடுத்த கையில் கொடுப்பது. அடுத்தது யார் கை என்று தேவன் தீர்மானிப்பார்.

பதினாறாம் வசனத்தில் மத்தேயு என்ன செய்கிறார் என்று பார். அதுவரை இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஒரே ஓட்டமாக வந்த வாக்கியம், யோசேப்பிடம் வந்ததும் மாறுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார் என்று அவர் எழுதவில்லை. மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பு என்றும், அவளிடத்தில் இயேசு பிறந்தார் என்றும் எழுதுகிறார். அப்படியானால் ஆபிரகாமிலிருந்து இவ்வளவு தூரம் வந்த சங்கிலி யோசேப்போடு அறுந்துவிட்டதா? பதினெட்டாம் வசனத்திலிருந்து வரும் கதை அந்தக் கேள்விக்குப் பதில். தூதன் யோசேப்பை தாவீதின் குமாரனே என்று கூப்பிடுகிறான். பிள்ளைக்கு நீ பெயர் வை என்கிறான். அதிகாரத்தின் கடைசி வசனத்தில் யோசேப்பு பெயர் வைக்கிறார். தகப்பனாக நின்று பெயர் வைத்தபோது அந்தப் பிள்ளை தாவீதின் வீட்டுப் பிள்ளையாயிற்று. நம் ஆண்டவர் தாவீதின் குமாரன் என்று மத்தேயு காட்டுகிற வழி, பெறாத பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஒரு தச்சருடைய சம்மதத்தின் வழியாகப் போகிறது. பட்டியலை விட்டுப் பதினெட்டிலிருந்து வாசித்தால், கேள்வியைக் கேட்காமல் பதிலை மட்டும் கேட்கிறவர்களாகிவிடுவோம். அதனால்தான் விடாதே என்கிறேன்.

இந்த இடத்தில் அந்தப் பெரியவருக்கு உன் மனதுக்குள் பதில் கிடைத்திருக்கும். ரத்தம் இல்லையே என்று சொன்னால், யோசேப்புக்கும் அது இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு வந்து சேர வெகு காலம் ஆனது உனக்குத் தெரியுமோ என்னவோ. 1956-இல் வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கானது, நமக்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டின் சட்டப்படி நம்மவர்கள் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை மேஜர் ஆனதும் அந்தப் பொறுப்பும் முடிந்துவிடும். வளர்த்தவர்கள் அப்பா அம்மாவாக இருந்தும் காகிதத்தில் அப்படி இல்லை. 2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் அதற்கு 2006-இல் செய்த திருத்தமும்தான் எந்த மதத்தாருக்கும் கதவைத் திறந்தன. இப்போது 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி கலெக்டரிடமிருந்து உங்களுக்கு ஆணை வரும். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்ற இடத்தில் உங்கள் இருவர் பெயரும் ஏறும். அதைச் சாதாரணக் காகிதமாக எண்ணாதே. வேதத்தில் யாக்கோபும் யோசேப்பும் வாயால் செய்ததை உங்களுக்காக அந்தக் காகிதம் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் உண்மையைச் சொல்லுங்கள். ஒளிக்காதீர்கள். தாமாரையும் உரியாவையும் ஒளிக்காத வம்ச அட்டவணையை நம்புகிறவர்கள் நாம். அந்தக் குழந்தையைச் சுமந்து பெற்ற தாயை நம் வீட்டில் யாரும் குறைவாகப் பேச இடம் கொடுக்காதே. அவள் பெயர் நமக்குத் தெரியாது; தேவனுக்குத் தெரியும். ஓபேத்தின் கதையில் யாருடைய உரிமையையும் அழிக்காதது போல, அவளுடைய இடமும் அழியாமல் இருக்கட்டும்.

வம்சத்தைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசுகிறவர்களுக்கும் மத்தேயு பதில் வைத்திருக்கிறார். இந்தப் பட்டியல் முடிந்த பின் மூன்றாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகர் வருகிறார். ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கல்லுகளிலிருந்தும் தேவன் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை எழுப்புவார் என்கிறார். பவுலும் தான் பென்யமீன் கோத்திரத்தான் என்பதைச் சொல்லி, அதை நஷ்டம் என்று எண்ணினதாக எழுதுகிறார். முடிவில்லாத வம்ச வரலாறுகளைப் பற்றிச் சச்சரவு செய்யவேண்டாமென்று தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார். நம் சபைகளில் கல்யாணம் பேசும்போது ஞானஸ்நானத்தை முன்னால் வைக்காமல், எந்த சாதி என்று முதலில் விசாரிக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ரத்தம் என்ற சொல் அந்தப் பெரியவர் வாயில் வந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். அவரை வெறுக்காதே. அது அவர் ஒருவருடைய வியாதி இல்லை. ஆனால் அதற்குப் பணிந்தும் போகாதே.

லூக்கா தம் பட்டியலைத் தலைகீழாக எழுதினார். இயேசு ஞானஸ்நானம் பெற்ற பின், யோசேப்பின் மகன் என்று எண்ணப்பட்டவர் என்று தொடங்கி, ஆபிரகாமில் நிற்காமல் நோவாவைத் தாண்டி, ஆதாமைத் தாண்டி, தேவனில் கொண்டுபோய் முடிக்கிறார். யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. தாவீதுக்குப் பின் மத்தேயு சாலொமோன் வழியாகவும் லூக்கா நாத்தான் வழியாகவும் வருகிறார்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு என்பவர் இதற்கு விளக்கம் எழுதினார்: சந்தானமில்லாமல் இறந்த சகோதரனுக்காகப் பிறந்த பிள்ளை, இரண்டு தகப்பன் பேரிலும் எண்ணப்பட்டிருக்கும் என்று. அந்த விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், லூக்கா போய் நிற்கிற இடம் எனக்கு முக்கியம். ஆதாம் வரை போனால் வெளியே நிற்கிறவர் யார்? உங்கள் கைக்கு வரப்போகிற குழந்தையின் தகப்பன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருக்கலாம். லூக்கா எழுதிய வம்சத்தில் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. உனக்கும் எனக்கும் இருப்பது அதே இடம்தான்.

இனி வாசிக்கும் முறை. வீட்டில் சத்தமாகப் பலமுறை வாசித்துப் பழகு. ரெகொபெயாம், யோசபாத், சொரொபாபேல் போன்ற பெயர்களில் நாக்கு தடுக்கும். அசை பிரித்துச் சொல்லிப் பார். வேகமாக வாசித்தால் சபை தூங்கும். சீராக, ஒவ்வொரு பெயரும் தனியாகக் கேட்கும்படி வாசித்தால் கேட்பார்கள். தாவீது ராஜா என்ற இடத்திலும் பாபிலோன் சிறையிருப்பு என்ற இடத்திலும் மூச்சு விட்டு நிறுத்து. பெண்களின் பெயர்களை அவசரப்படுத்தாதே. அபியூத் முதல் யாக்கோபு வரை ஒரே சீராகப் போ. பெரிய அரசர்களுக்குக் கொடுத்த மரியாதையையே அவர்களுக்கும் குரலில் கொடு. பதினாறாம் வசனத்துக்கு முன் ஒரு கணம் நில். பிறகு கடைசி வசனம் வரை நிறுத்தாமல் போ, யோசேப்பு பெயர் வைக்கும் வரை. நேரம் ஆகுமே என்று கேட்கிறவர்களிடம், ஒரு கீதத்தில் ஒரு சரணம் குறைத்தால் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்.

பெரியவருக்கு நான் தனியாக எழுதுகிறேன். வயதில் மூத்தவர், அவரிடம் மரியாதை குறையாமல், யர்காவைப் பற்றியும் யாக்கோபைப் பற்றியும் எழுதுவேன். அவரும் வேதம் வாசிக்கிறவர். வாசித்ததை நினைப்பூட்டினால் போதும் என்று நம்புகிறேன். ஒருவேளை மனம் மாறாவிட்டாலும், குழந்தை வீட்டுக்கு வரும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஞானஸ்நானத்துக்கு நான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டாராம். சந்தோஷமாகச் சம்மதிக்கிறேன். உன் பெரியப்பா சேகரத்து ஐயராக இருந்த நாளிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளையின் பெயரை அதில் எழுதும்போது, பெற்றோர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரும், ஞானப் பெற்றோர் என்ற கட்டத்தில் என் பெயரும் வரட்டும். அந்த விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பேன் என்று சபைக்கு முன்னால் வாக்குக் கொடுத்து, என் கண் பார்வை இருக்கிறவரை அந்த வாக்கைக் காப்பாற்றுவேன்.

கர்த்தர் உங்கள் வீட்டைக் கட்டுவாராக. என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா